யாழ்ப்பாணத்து அல்ரோ நுவரெலியா போய் வருமா?

தம்பி, நீங்கள் எழுதிக் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 2014ஆம் ஆண்டு அல்ரோ 800 கார், மனுவல் கியர், இரண்டாம் கையாக வாங்கி மூன்று வருடம். ஆகத் தூரமாகப் போனது பருத்தித்துறை. வரும் மார்கழி விடுமுறையில் அப்பா, அம்மா, மனைவி, ஐந்து வயது மகள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியா போய்வர வேண்டும். கார் தாங்குமா, போகமுதல் என்னென்ன பார்க்க வேண்டும், மச்சான் சொல்வதுபோல இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டால் நல்லதா?

மூன்று கேள்வியாக எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒரு பயம்தான். ஏற்றத்தில் இஞ்சின் மூச்சு வாங்கி நின்றுவிடுமோ என்ற பயம். அது நிற்காது. 800 சிசி இஞ்சின் ஐந்து பேரோடு இரண்டாம் கியரிலும் சில வளைவுகளில் முதலாம் கியரிலும் முக்கி முக்கி ஏறிவிடும். பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான், அடிக்கட்டும். நான் பயப்படுவது இறக்கத்துக்கு. யாழ்ப்பாணம் தட்டையான ஊர். இங்கே வளர்ந்த காரின் பிறேக் ஒருநாளும் சோதிக்கப்பட்டதில்லை, இங்கே ஓடிப் பழகிய சாரதியின் காலும் அப்படித்தான். கீரிமலை என்று பெயர்தான் இருக்கிறது, அங்கே போய் இறக்கம் பழக முடியாது.

நான் 1991இல் கராஜில் சாவி எடுத்துக் கொடுக்கிற பெடியனாகத் தொடங்கினேன். பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் இல்லை. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் கார்களைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய நாட்கள். அன்றிலிருந்து இன்றுவரை இதே தொழில். ஆனாலும் உங்கள் காரை நான் பார்க்கவில்லை. ஜக் போட்டுச் சில்லைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரிகிற விஷயங்களை இங்கே இருந்து சொல்ல முடியாது. எது நிச்சயம், எது என் அனுபவம் மட்டும் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் நான் வெட்கப்பட்ட கதை. போரால் மூடியிருந்த யாழ்ப்பாணம்–கண்டி ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்து மலைநாட்டுக்குப் போகிற ஆசை எல்லோருக்கும் வந்தது. அடுத்த வருடம் ஒரு குடும்பத்தை வானில் ஏற்றிக்கொண்டு நானே நுவரெலியா போனேன். போகமுதல் பிறேக் கழற்றிப் பூட்டியதும் நான்தான், லைனிங் எல்லாம் புதிது. திரும்பி வரும்போது றம்பொடைப் பக்கம் நான்காம் கியரில் விட்டு, வளைவுக்கு வளைவு பிறேக்கை மிதித்தபடி இறங்கினேன். சமதரையில் அப்படித்தானே ஓடுகிறோம். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கருகின மாதிரி ஒரு மணம். பின்சீற்றில் இருந்த அம்மா, "ஆரோ குப்பை எரிக்கினம்" என்றார். அடுத்த வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. இரண்டு மூன்று தரம் அடித்து மிதித்து, கியரை இறக்கி, ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் மண்மேட்டோடு அணைத்து நிறுத்தினேன். முன்சில்லு இரண்டிலும் புகை. நான் தண்ணீர் எடுத்து ஊற்றப் போனேன். கொழுந்து லொறி ஓடுகிற ஒருவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "தண்ணி ஊத்தாதீங்க அண்ணே, டிஸ்க் கோணிரும். அப்படியே ஆறட்டும்." பிறகு சிரித்துக்கொண்டு ஒன்று சொன்னார்: "ஏறுன கியர்லயே எறங்கணும்." பன்னிரண்டு வருடம் பிறேக் கழற்றிப் பூட்டியவனுக்கு அது தெரியாமல் இருந்தது.

அன்று நடந்தது இதுதான். பிறேக் என்பது ஓட்டத்தைச் சூடாக மாற்றுகிற சாமான். நீண்ட இறக்கத்தில் விடாமல் மிதித்தால் அந்தச் சூடு ஆற நேரம் கிடைக்காது. முதலில் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பிறேக் பாட் பிடி இழக்கும். அதற்கும் மேல் போனால் பிறேக் ஒயில் கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி. ஒயிலை அமுக்க முடியாது, அதனால்தான் பெடலில் மிதிக்கிற விசை சில்லுக்குப் போய்ச் சேருகிறது. ஆவியை அமுக்கலாம், அதனால் கால் உள்ளே போகும், வண்டி நிற்காது. பிறேக் ஒயிலுக்கு இன்னொரு குணம், காற்றில் உள்ள ஈரத்தை அது தானாக உறிஞ்சும். டொற் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது தரம், ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். டொற் 4 என்றால் 230இல் இருந்து 155. எங்கள் ஊரில் ஐந்தாறு வருடம் ஒயில் மாற்றாத கார்கள் எத்தனையோ ஓடுகின்றன, ஒன்றும் நடப்பதில்லை. நல்லூரில் இருந்து சுன்னாகம் போகிற காருக்கு 140 பாகையே தாராளம்.

ஆகவே உங்கள் காருக்கு முதல் வேலை: பழைய பிறேக் ஒயில் முழுவதையும் இறக்கிப் புதிது விட்டு, நாலு சில்லுக்கும் போகிற பிறேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க வேண்டும். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டு "செய்தாச்சு" என்று சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். எந்த வகை என்பது ஒயில் மூடியிலேயே எழுதியிருக்கும். அதே நேரம் முன் பாட், பின் ட்றம்முக்குள் இருக்கும் லைனிங், சில்லுக்குப் போகிற ரப்பர் குழாய் எல்லாவற்றையும் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். கடலோரத்தில் நின்ற கார் என்றால் இரும்புக் குழாயில் துரு ஏறியிருக்கிறதா என்று அடியில் படுத்து லைற் அடித்துப் பார்க்க வேண்டும். உப்புக் காற்று அடியில்தான் தின்னும், மேலே பெயின்ற் பளபளவென்றுதான் இருக்கும். கைபிறேக்கும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். ஏற்றத்தில் நின்று எடுக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்காது. சேர்விஸ் ஸ்ரேசன் றாம்ப் ஒன்று வெறுமையாகக் கிடைத்தால் கைபிறேக் போட்டு, கிளட்ச் கடிக்கிற இடம் பார்த்து, பின்னால் உருளாமல் எடுக்கப் பழகுங்கள். கண்டியில் வாகன நெரிசலுக்குள் ஏற்றத்தில் நின்று பழகுவதைவிட அது நல்லது.

ரயர் அடுத்தது. ரயரின் பக்கத்தில் டொற் (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. பூ, அதாவது ரயரின் மேலே வெட்டியிருக்கிற பள்ளமும் மேடும், நல்லாக இருக்கிறது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். குறைவாக ஓடுகிற காரில் பூ தேயாது, ரப்பர் மட்டும் கிழடாகும். பத்து வருடம் தாண்டினால் பூ எப்படி இருந்தாலும் மாற்றச் சொல்லிப் பல கம்பனிகளே சொல்கின்றன. ஆறு வருடம் தாண்டின ரயரில் மலையேற வேண்டாம் என்பது என் சொந்தக் கணக்கு. வெயிலில் நின்று நின்று பக்கவாட்டில் நூல்போல வெடிப்பு ஓடியிருந்தால் வருடத்தையே பார்க்க வேண்டாம், கழற்றுங்கள். பூவின் ஆழம் 1.6 மில்லிமீற்றர் ஆகும்போது பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடு மட்டத்துக்கு வந்துவிடும். அது கடைசி எல்லை. மழைக்குப் போகிறவருக்கு 3 மில்லிமீற்றராவது வேண்டும், ஏனென்றால் தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். அது தேய்ந்திருந்தால் வேகத்தில் ரயர் தண்ணீருக்கு மேலே ஏறி மிதக்கும். ஸ்ரியறிங் திடீரென்று இலேசாகும். அப்போது பிறேக் அடிக்காமல், ஸ்ரியறிங்கை வெட்டாமல், அக்சிலேற்றரில் இருந்து காலை மட்டும் எடுங்கள்.

காற்று அளவு சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். ஆள் நிறைய ஏற்றினால் எவ்வளவு என்பதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். நைதரசன் அடித்தால் நல்லதா என்று பலர் கேட்பார்கள். சாதாரண காற்றிலேயே ஐந்தில் நாலு பங்கு நைதரசன்தான். கெடுதல் இல்லை, ஆனால் அந்தக் காசுக்கு ஒரு காற்று மானி வாங்கி டாஷ்போர்ட்டில் போட்டுக்கொள்வதையே நான் விரும்புவேன். உதிரிச் சில்லையும் மறக்க வேண்டாம். அதன் வருடத்தையும் பாருங்கள், காற்றையும் பாருங்கள். வீட்டு முற்றத்தில் ஒருமுறை உங்கள் கையாலேயே சில்லைக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். கடைகளில் இயந்திரத்தால் இறுக்கிய நட் காரோடு வந்த சின்னச் சாவிக்கு அசையாமல் நிற்பதை நான் நூறு தரமாவது பார்த்திருக்கிறேன். அது மாங்குளத்துக் காட்டுக்குள், மழையில் தெரியவரக் கூடாது.

றேடியேற்றர் எங்கள் ஊருக்கென்றே உள்ள நோய். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருவது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுவேதான் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிற றேடியேற்றருக்குள்ளும் படிகிறது. இஞ்சின் ஆறின பிறகு மூடியைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கோ தேத்தண்ணி நிறமோ இருந்தால் கழுவி, கூலன்ற் விட வேண்டும். ஊரில் ஓடும்போது இந்த அடைப்புத் தெரியாது. இரண்டாம் கியரில் அரை மணி நேரம் ஏறும்போது தெரியும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். இஞ்சினுக்குள் கொதிக்காமல் வைத்திருப்பது மூடியின் அழுத்தம், ஆகவே மூடியின் ரப்பர் பழுதென்றால் அதையும் மாற்றுங்கள். சூட்டு விளக்கு எரிந்தால் ஏசியை நிறுத்தி, ஒதுங்கி நின்று, ஆறும்வரை பொறுங்கள். கொதிக்கிற மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். இஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற ரைமிங் பெல்ற் பட்டி எப்போது மாற்றியது என்று பழைய உரிமையாளருக்கும் தெரியாது என்றால், மாற்றிவிட்டே போங்கள். அறுந்தால் வழியில் திருத்துகிற சாமான் இல்லை அது. ஒயில், பற்றரி, வருமான அனுமதிப் பத்திரம், காப்புறுதி எல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் நான் போகவில்லை.

கண்ணாடியும் லைற்றும் மலிவான வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை. எங்கள் வெயிலில் வைப்பர் ரப்பர் ஒரு வருடத்தில் கட்டை மாதிரி ஆகிவிடும். புது வைப்பர் போட்டு, கண்ணாடியை உள்ளும் புறமும் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். இரவில் எதிர் லைற் பட்டதும் கண்ணாடி முழுவதும் புகை மாதிரித் தெரிந்தால் அது எண்ணெய்ப் படலம். முன் லைற் கண்ணாடி மஞ்சளாகியிருந்தால் பொலிஷ் போடலாம். ஒன்று கவனியுங்கள்: அல்ரோவின் எடை சுமார் 700 கிலோ. நாலு பெரியவர்களும் பிள்ளையும் பைகளும் ஏறினால் அதில் பாதியளவு கூடுகிறது. பின்பக்கம் தாழும், லைற் மேலே தூக்கும், எதிரே வருகிறவனுக்குக் கண் கூசும். ஆளை ஏற்றிக்கொண்டு ஒரு மதிலுக்கு முன்னால் நிறுத்தி லைற் எங்கே படுகிறது என்று பாருங்கள். தேவையென்றால் கராஜில் இறக்கி வைக்கச் சொல்லலாம். அந்த எடைக்குத்தான் பிறேக்கும் பிடிக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே கரியர் பூட்டிச் சாமான் கட்டுகிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனி மச்சானின் யோசனை. இரவில் றோட்டு வெறுமை என்பது உண்மை. வெறுமையாக இருப்பதால்தான் மாடு வந்து படுக்கிறது. பகல் வெயிலின் சூடு தாரில் மிச்சமிருக்கும், மழை ஓய்ந்த நேரங்களில் கிளிநொச்சி, மாங்குளம் பக்கத்தில் நடு றோட்டில் கறுத்த மாடு கறுத்த தாரோடு கலந்து கிடக்கும். அநுராதபுர மாவட்டத்துக்குள் போனால் யானை. சாம்பல் நிற மதில் ஒன்று திடீரென்று முன்னால் நிற்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன், இது என் அனுபவம் அல்ல, வெறும் கணக்கு. நகரத்துக்கு வெளியே காருக்கு எல்லை மணிக்கு 70 கிலோமீற்றர். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 19 மீற்றர் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு கால் பிறேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தால் 29 மீற்றர் அதற்குள்ளேயே போய்விடும். அதன் பிறகு நிற்பதற்குக் காய்ந்த றோட்டில் இன்னொரு 27, நனைந்த றோட்டில் 48 அளவில். கூட்டினால் மழையில் 77 மீற்றர். சின்னக் காரின் டிம் லைற்றில் தெளிவாகத் தெரிவது 50 மீற்றர் மட்டில். அதாவது மழை இரவில் 70இல் போகிறவர் தன் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குள் ஓடுகிறார். 50ஆகக் குறைத்தால் 45 மீற்றர் அளவில் நிற்கும், லைற்றுக்குள் அடங்கும். பிறேக்கின் பிடிக்கு நான் எடுத்த அளவு நடுத்தரமானது, தேய்ந்த ரயரில் இன்னும் நீளும்.

மாட்டைவிட எனக்குப் பெரிய பயம் நித்திரை. பகல் முழுவதும் வேலை செய்து, பை கட்டி, பத்து மணிக்கு வெளிக்கிட்டால் விடிய இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் இடையில் எங்கோ தம்புள்ள, மாத்தளைப் பக்கம் வளைவுகளுக்குள் நிற்பீர்கள். மனித உடம்பு தானாகத் தூங்கப் பார்க்கிற நேரம் அது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம் இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் கவனத்துக்கு ஒப்பாக இறங்குவதை ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். கண்ணாடியைத் திறப்பது, பாட்டைச் சத்தமாகப் போடுவது, முகம் கழுவுவது எல்லாம் ஐந்து பத்து நிமிடத்துக்குத்தான். கோப்பியும் உடனே வேலை செய்யாது, அரை மணி அளவு எடுக்கும். கோப்பி குடித்துவிட்டுச் சீற்றைச் சாய்த்து இருபது நிமிடம் கண்ணை மூடினால், எழும்பும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். கடந்த ஐந்து நிமிடத்தில் கடந்து வந்த ஊர் எது என்று உங்களுக்கு ஞாபகம் வரவில்லையென்றால், அந்த இடத்திலேயே ஒதுங்குங்கள்.

நான் என்றால் இப்படிப் போவேன். முதல்நாள் ஒன்பது மணிக்குப் படுத்து, விடிய ஐந்தரை அளவில் வெளிக்கிடுவேன். கண்டி வரை சுமார் 320 கிலோமீற்றர். மழை, சாப்பாடு, பிள்ளைக்கு ஒதுங்குவது எல்லாம் சேர்த்து மணிக்குச் சராசரி 45 என்று கணக்கு வையுங்கள், ஏழு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். முறிகண்டிப் பிள்ளையாரில் நிறுத்துவீர்கள்தானே. தேங்காய் உடைத்து, அம்மா கச்சான் வாங்குகிற நேரத்தில் நாலு சில்லையும் சுற்றி வாருங்கள். புறங்கையைச் சில்லின் நடுவுக்குக் கிட்டே பிடித்துப் பாருங்கள். இடது முன்சில்லும் வலது முன்சில்லும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கையை வைக்க முடியாத சூடென்றால் அந்தப் பக்கம் பிறேக் ஒட்டிப் பிடிக்கிறது அல்லது பெயாரிங் போகிறது. அப்போதே கிளிநொச்சிக்குத் திரும்பிக் காட்டலாம், மலையில் கண்டுபிடிப்பதைவிட அது இலாபம். அன்றிரவு கண்டியிலோ பேராதனைப் பக்கத்திலோ தங்கி, மறுநாள் காலையில் கம்பளை, புசல்லாவை வழியாக ஏறுங்கள். பின்னேரமானால் அந்தப் பாதையில் மூட்டம் இறங்கிவிடும்.

வழியில் வெள்ளம் வந்தால் என்ன செய்வது? 2018 மார்கழியில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மூழ்கியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் கார் நிலத்தில் இருந்து 16 சென்றிமீற்றர் உயரம். ஓடுகிற தண்ணீர் 30 சென்றிமீற்றர் இருந்தாலே சின்னக் காரைத் தூக்கித் தள்ளத் தொடங்கும். ஓரத்தில் நடக்கிற ஒருவருக்கு முழங்காலுக்குக் கிட்டத் தண்ணீர் என்றால் உங்களுக்குப் பாதை இல்லை. முன்னால் பஸ் போனது கணக்கில்லை, பஸ்ஸின் சில்லே உங்கள் கதவுப் பிடிக்குக் கிட்ட வரும். தண்ணீருக்குள் இஞ்சின் நின்றால் திரும்ப ஸ்டார்ட் பண்ணக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அதை அமுக்க முடியாமல், பிஸ்டனைத் தள்ளுகிற கொனெக்ரிங் றொட் வளைந்துவிடும். அப்படி வந்த இஞ்சின்களை நான் பிரித்திருக்கிறேன், பெரும்பாலும் "ஒருக்கா அடிச்சுப் பாத்தனான்" என்றுதான் கதை தொடங்கும். ஆழம் குறைந்த தண்ணீரைக் கடந்தால் பிறகு கொஞ்சத் தூரம் பிறேக்கை மெல்ல மிதித்தபடி போய் ஈரத்தைக் காயவையுங்கள்.

மலையில் ஏசி பற்றி ஒரு வேடிக்கை. யாழ்ப்பாணத்தில் மழை இரவில் ஏசி போட்டால் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கும். குளிர்ந்த கண்ணாடியில் வெளியே உள்ள ஈரம் படிகிறது, வைப்பர் போட்டால் போய்விடும். நுவரெலியாவில் தலைகீழ். வெளியே குளிர், உள்ளே ஐந்து பேரின் மூச்சு, கண்ணாடி உள்ளே வியர்க்கும். வைப்பர் எவ்வளவு அடித்தாலும் போகாது. பலர் குளிருக்கு ஏசியை நிறுத்திவிட்டுத் துணியால் துடைத்துத் துடைத்து ஓடுவார்கள். ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, சூட்டுப் பக்கம் குமிழைத் திருப்பி வையுங்கள். ஏசி ஈரத்தை எடுத்துவிடும். மூட்டத்துக்குள் டிம் லைற் மட்டும். பெரிய லைற் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். நாலு சிக்னலையும் போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம் இங்கே பரவியிருக்கிறது. நின்ற வண்டிக்குத்தான் அது. ஓடும்போது போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று யாருக்கும் தெரியாது. கண்ணை இடது ஓரக் கோட்டில் வைத்து, வளைவுக்கு முன்னால் ஹோர்ன் அடித்து, ஏறி வருகிறவருக்கு வழி விடுங்கள்.

மார்கழியில் மண்சரிவும் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டை என்ன செய்தது என்று பார்த்தோம். போகிற நாளுக்கு முதல்நாளும், ஏறப்போகிற காலையிலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117இல் கேட்கலாம். எச்சரிக்கை இருந்தால் தங்கும் அறைக்குக் கட்டிய முற்பணத்தை மறந்துவிடுங்கள். அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. கைபேசியில் சேமித்து, மனைவியிடமும் சொல்லி வையுங்கள்.

இறக்கத்துக்குத் திரும்ப வருகிறேன், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நுவரெலியாவை விட்டு இறங்கத் தொடங்கமுதல், தட்டையான இடத்திலேயே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். இஞ்சின் இரையும். இரையட்டும், அதுதான் வண்டியைப் பிடித்து வைத்திருக்கிறது. காலை எடுத்தபடி இஞ்சின் பிடிப்பில் இறங்கி, வேகம் கூடுகிறபோது உறுதியாக ஒருமுறை பிறேக்கை மிதித்துக் குறைத்து, காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். மெல்லியதாக மிதித்தபடியே இருப்பதுதான் ஒயிலைக் கொதிக்க வைப்பது. நியூற்றலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். கியரில் விட்டுக் காலை எடுத்தால் இன்ஜெக்சன் இஞ்சின் பெற்றோலையே வெட்டிவிடும், ஆகவே மிச்சமும் கியரில்தான். ஓட்டோ கியர்க் கார் வைத்திருப்பவர்கள் இதை வாசித்தால், உங்கள் கியர்க் கம்பியில் எல் (L) அல்லது பி (B) என்று இருப்பது இதற்குத்தான். கருகின மணம் வந்தால் ஒதுங்கி, சில்லுக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பக்கத்தில் தேத்தண்ணிக் கடை நிச்சயம் இருக்கும்.

மகளை அம்மாவின் மடியில் முன்சீற்றில் வைக்கிற எண்ணம் வேண்டாம். அடித்து நிறுத்தினால் மடியில் இருக்கிற பிள்ளையை யாருடைய கையாலும் பிடித்து வைக்க முடியாது. பிள்ளைச் சீற் ஒன்று இரவல் வாங்கிப் பின்னால் பூட்டுங்கள். அப்பா முன்னால் இருக்கட்டும், பெல்ற் போட்டுக்கொண்டு.

திரும்பி வரும் நாளில் ஒரு தொல்லை வரும். கண்டியில் இருந்து மத்தியானம் வெளிக்கிட்டால் இருட்டுகிற நேரம் வவுனியாவில் நிற்பீர்கள். காருக்கு ஒன்றும் ஆகவில்லை, மழையும் விட்டிருக்கும், அப்பா "இன்னும் மூண்டு மணித்தியாலம்தானே, வீட்ட போய்ச் சாப்பிடுவம்" என்பார். அந்த மூன்று மணித்தியாலம் மாடும் இருட்டும் களைப்பும் சேர்ந்த துண்டு. வவுனியாவில் சாப்பிட்டு, அங்கேயே ஒரு அறை எடுத்துப் படுத்துவிட்டு, விடிய வாருங்கள். அறைக் காசு கூடவென்று அப்பா முணுமுணுத்தால், கராஜ்காரன் சொன்னவன் என்று என்மேல் பழியைப் போடுங்கள்.